மஞ்சள் இலையைக் கண்டதும் மூட்டையைப் பிரிக்காதீர்கள்

பயிரில் மஞ்சள் தட்டினால் விவசாயியின் வயிற்றில் புளியைக் கரைக்கும். அந்தப் பதற்றத்தில் நம்மில் பெரும்பாலோர் செய்வது இரண்டே காரியங்கள். ஒன்று, வீட்டில் இருக்கும் யூரியாவை அள்ளி இறைப்பது. மற்றொன்று, ஓர் இலையைக் கிள்ளிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு உரக்கடைக்குப் போய், "இதற்கு ஒரு மருந்து கொடுங்கள்" என்று கேட்பது. இரண்டுமே தவறு என்பது என் அனுபவம். மஞ்சள் என்பது ஒரு நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்பது போல, உள்ளே ஏதோ கோளாறு என்பதற்கு அடையாளம். காய்ச்சல் கண்டவருக்கெல்லாம் ஒரே மாத்திரையைக் கொடுக்கும் வைத்தியரிடம் நாம் போவதில்லை. பயிருக்கு மட்டும் அந்த வைத்தியத்தைச் செய்கிறோம்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. ஒரு பருவப் பூவைப் பறிகொடுத்துவிட்டுச் சொல்கிறேன்.

என் மல்லிகைக்கு நேர்ந்தது

எங்கள் ஊர் கீழ்க்கட்டளை. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த ஊர். ஏரி நிரம்பினால் உபரி நீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போய்ச் சேரும். இன்று ஏரியைச் சுற்றிலும் வீடுகள். பல்லாவரம் நகராட்சியில் இருந்த ஊர், 2021-ல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. இந்த நெரிசலுக்கு நடுவில் கீரையும் பூவும் போட்டுக் காலம் தள்ளுகிறவர்களில் நானும் ஒருவன். 20 செண்டில் குண்டு மல்லி வைத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்து மனையில் அடுக்கு மாடி எழும்பியது. என் நிலத்தை ஒட்டி மதில் வந்தது. அந்தக் கார்த்திகையில் வழக்கம் போல் செடிகளைக் கவாத்து செய்தேன். தை மாதம் துளிர்த்த கொழுந்துகள் வெளிறிப் போய், எலுமிச்சை நிறத்தில் வந்தன. யூரியா வைத்தேன். கொழுந்து முன்னைவிட வேகமாக வந்தது. வந்ததெல்லாம் வெளிறியே வந்தது. கடைக்குப் போனேன். பூசண மருந்து கொடுத்தார்கள். அடித்தேன், பலன் இல்லை. மறுபடி போனேன். 'டானிக்' கொடுத்தார்கள். அதையும் அடித்தேன். பங்குனி, சித்திரை என்று பூ விலை ஏறிய நாட்களில் என் செடிகள் அரும்பு கட்டாமல் நின்றன.

அப்போது மாடம்பாக்கத்தில் இருந்து ஒரு பெரியவர் உறவு முறையில் வீட்டுக்கு வந்தார். ஐம்பது ஆண்டுகள் தோட்டக்கால் பார்த்தவர். செடியைப் பார்த்ததும் மருந்து எதுவும் சொல்லவில்லை. கேள்வி கேட்டார்.

"ஏம்பா, எந்த இலை மஞ்சளாச்சு? அடியிலையா, கொழுந்தா?"

"கொழுந்துதான் மாமா. அடியிலை பச்சையாத்தான் இருக்கு."

"நரம்பைப் பாரு. நரம்பு பச்சையா, அதுவும் மஞ்சளா?"

உற்றுப் பார்த்தேன். நரம்பெல்லாம் பச்சை, இடைப்பட்ட பகுதி மட்டும் மஞ்சள். பின்பு அவர் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். மதிலை ஒட்டிய இரண்டு வரிசைகளில் மஞ்சள் அதிகம், விலகப் போகப் போகக் குறைவு. இதை நான் நாலு மாதமாகப் பார்த்துக் கொண்டே இருந்தும் கவனிக்கவில்லை. மதிலோரம் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டினார். சிமெண்டு காறையும் செங்கல் துண்டுமாக வந்தது. வீட்டில் இருந்து எலுமிச்சம் பழம் கொண்டுவரச் சொல்லி, அந்தக் காறைத் தூளின் மேல் பிழிந்தார். நுரைத்துப் பொங்கியது. "சுண்ணாம்புப்பா. உன் மண்ணைச் சுண்ணாம்பு பிடிச்சிருக்கு. செடிக்கு இரும்புச் சத்து ஏறலை" என்றார்.

லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி உப்பு கரைத்து, முதலில் நாலு செடிகளின் கொழுந்துகளில் மட்டும் தெளிக்கச் சொன்னார். பத்து நாளில் அந்த நாலு செடிகளிலும் பச்சைப் புள்ளிகள் தோன்றிப் பரவின. எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. மாதம் ஒரு முறை, மஞ்சள் மறையும் வரை தெளித்தேன். காறையைத் தோண்டி வெளியேற்றினேன். தொழு உரமும் தழையும் நிறையக் கொடுத்தேன். செடி பிழைத்தது. அந்த ஆண்டுப் பூ போனது போனதுதான்.

இலை எப்படிப் பேசுகிறது?

பெரியவர் கேட்ட கேள்விகளில் மந்திரம் ஏதும் இல்லை. இலையின் பச்சைக்குக் காரணம் பச்சையம் என்ற பொருள். அதன் நடுவே மெக்னீசியம் இருக்கிறது. அதைச் சுற்றித் தழைச்சத்து இருக்கிறது. இரும்பு பச்சையத்தில் இல்லை; ஆனால் இரும்பு இல்லாமல் பச்சையம் உருவாகாது. ஆகவே இந்த மூன்றில் எது குறைந்தாலும் இலை மஞ்சளாகும். எது குறைந்தது என்பதை மஞ்சள் தோன்றும் இடம் காட்டிக் கொடுக்கும்.

வருமானம் குறைந்த வீட்டில் பெரியவர்கள் தங்கள் தட்டில் உள்ளதை எடுத்துக் குழந்தைக்கு வைப்பதில்லையா? செடியும் அப்படித்தான். தழைச்சத்து, சாம்பல் சத்து, மெக்னீசியம் ஆகியவை குறைந்தால் பழைய இலையில் இருப்பதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். அதனால் அடியிலை முதலில் மஞ்சளாகும். இரும்பு, கந்தகம் போன்றவை அப்படி எளிதில் இடம் பெயரா. அவை குறைந்தால் பழைய இலை பச்சையாகவே இருக்கும், கொழுந்துதான் வெளிறும்.

அடியிலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு என்று சந்தேகிக்கலாம். அடியிலையில் நரம்பு பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம். அடியிலையின் விளிம்பும் நுனியும் மஞ்சளாகிக் கருகினால் சாம்பல் சத்து. கொழுந்தில் நரம்பு பச்சை, இடைப்பகுதி மஞ்சள் என்றால் இரும்பு. கொழுந்து முழுவதும் நரம்போடு சேர்ந்து வெளிறினால் கந்தகம்.

இரும்புச் சங்கதி இன்று நேற்றுக் கண்டதல்ல. 1840-களிலேயே பிரான்ஸ் நாட்டில் கிரீ என்பவர், மஞ்சளான திராட்சைக் கொடி இரும்பு உப்பினால் பச்சையாவதைக் காட்டினார். நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. வடக்கே இமயமலை அடிவாரத்துத் தராய்ப் பகுதியில் நெற்பயிர் வெளிறித் துருப் பிடித்தது போல் ஆயிற்று. விவசாயிகள் அதற்குக் 'கைரா' என்று பெயர் வைத்துப் பயிர் நோய் என்றே நினைத்திருந்தார்கள். பந்த்நகர் வேளாண் பல்கலைக் கழகத்தில் டாக்டர் நெனே 1966-ல் அது துத்தநாகக் குறைவு என்று கண்டு சொன்னார். நோய் என்று பயந்தது வெறும் பசி! அதன் பிறகுதான் நெல்லுக்குத் துத்தநாக சல்பேட் இடும் பழக்கம் பரவியது. இன்று நம் மாநிலத்தில் நடவுக்கு முன் ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து இடச் சொல்கிறார்கள்.

பசி இல்லாத மஞ்சளும் உண்டு

மஞ்சள் எல்லாமே சத்துக் குறைவு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. உளுந்திலும் பச்சைப் பயறிலும் இலையில் மஞ்சளும் பச்சையும் திட்டுத் திட்டாகக் கலந்து பளிச்சென்று தெரிந்தால் அது மஞ்சள் தேமல் நோய். வெண்டையில் நரம்பே வலை போல் மஞ்சளானால் அதுவும் நச்சுயிரி நோய்தான். இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈ. இதற்கு எந்த உரமும் மருந்தல்ல. யூரியா வைத்தால் இலை கொழுத்து, சாறு உறிஞ்சும் பூச்சிக்கு விருந்தாகும். நோய்ச் செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிப்பதும், ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப் பொறி வைப்பதும், அடுத்த முறை நோய் தாங்கும் ரகம் போடுவதுமே வழி. உளுந்தில் வம்பன் ஆராய்ச்சி நிலையத்து வம்பன் 6, வம்பன் 8 போன்றவையும், வெண்டையில் அர்க்கா அனாமிகாவும் அப்படிப்பட்டவை.

நெல்லில் துங்ரோ நோய் வந்தாலும் இலை மஞ்சளாகி ஆரஞ்சு நிறத்துக்குப் போகும். பயிர் குட்டையாகும். பச்சைத் தத்துப்பூச்சி இதைப் பரப்புகிறது. தழைச்சத்துக் குறைவு வயல் முழுவதும் ஓரளவு ஒரே சீராகத் தெரியும். துங்ரோ அங்கங்கே திட்டாகக் கிளம்பும். இரண்டையும் குழப்பிக் கொண்டு மேலுரம் போட்டவர்கள் பட்ட நஷ்டம் கொஞ்சமல்ல.

எங்கள் பக்கத்தில் அதிகம் காண்பது தண்ணீரால் வரும் மஞ்சள். ஐப்பசி, கார்த்திகையில் மழை நீர் வடியாமல் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காது. மண்ணில் சத்து இருந்தும் வேரால் எடுக்க முடியாது. கீரை, கத்தரி, மிளகாய் எல்லாம் மஞ்சளாகி வாடும். வாடலைக் கண்டு மேலும் தண்ணீர் விடுகிறவர்களும் உண்டு! ஒரு செடியை வேரோடு பிடுங்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இருந்தால் நலம். பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து, அழுகல் வாடை வீசினால் முதல் வைத்தியம் வடிகால்தான். உரம் பிறகு.

வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழுவாக இருக்கலாம். ஆனால் உளுந்து, கடலை வேரில் இயற்கையாகவே முடிச்சு உண்டு. விரலால் தேய்த்தால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது நன்மை செய்யும் வேர் முடிச்சு. வேரே வீங்கி, தேய்த்தாலும் உதிராமல் இருந்தால் நூற்புழு.

மாடியிலும் வீட்டுக்குள்ளும் தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கும், நாற்று வளர்த்து விற்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. தொட்டிச் செடி மஞ்சளானால் முதலில் தொட்டியின் அடித் துளையைப் பாருங்கள். அடைத்திருந்தால் வேர் நீரில் மூழ்கிக் கிடக்கிறது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விடுங்கள். ஈரம் தட்டினால் அன்று தண்ணீர் வேண்டாம். வெளிச்சம் போதாவிட்டாலும் அடியிலை மஞ்சளாகி உதிரும். ஜன்னலோரம் மாற்றினால் போதும். ஆழ்துளைக் கிணற்றுக் கடின நீரையே ஆண்டுக் கணக்கில் ஊற்றினால் தொட்டி மண்ணிலும் சுண்ணாம்பு சேர்ந்து, என் மல்லிகைக்கு வந்த மஞ்சள் அங்கேயும் வரும். தொட்டி சிறியது என்பதால் தவறு அங்கே சீக்கிரம் தெரியும், அவ்வளவே வித்தியாசம்.

மலிவான மூட்டை சொல்லும் வைத்தியம்

இவ்வளவு காரணம் இருக்க, நம் கை ஏன் யூரியா மூட்டைக்கே போகிறது? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. நான் அதை ஏற்கவில்லை. காரணம் விலை. 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. 2010-ல் மணிச்சத்து, சாம்பல் சத்து உரங்களுக்கு மானிய முறையை மாற்றியபோது அவற்றின் விலை ஏறியது. யூரியா மட்டும் கட்டுப்பாட்டு விலையிலேயே நின்றது. பக்கத்தில் இருக்கும் மூட்டைகளில் எது மலிவோ, அதற்கு ஏற்ற நோயையே நம் பயிருக்கு இருப்பதாக நினைத்துக் கொள்கிறோம். நோய் பார்த்து மருந்து வாங்குவது போய், கையில் இருக்கும் மருந்துக்கு நோய் தேடுகிறோம்.

உரக்கடைக்காரரைக் குறை சொல்வதும் என் நோக்கமல்ல. சிறு விவசாயிக்கு விடியற்காலையிலும் கதவு திறக்கிற, கடன் சொல்கிற ஒரே இடம் அதுதான். நாட்டில் பயிர் வைத்தியர்கள் அவர்களே ஆகிவிட்டார்கள் என்பதைப் புரிந்து கொண்டுதான், ஐதராபாத்தில் உள்ள மேனேஜ் நிறுவனம் 2003-ல் உரக்கடைக்காரர்களுக்கென்றே ஓராண்டுப் பட்டயப் படிப்பு தொடங்கியது. ஆனால் அவர் முன்னால் நாம் கொண்டு போய் வைப்பது என்ன? கிள்ளி, வாடி, சட்டைப் பையில் கசங்கிய ஓர் இலை. அது அடியிலையா, கொழுந்தா என்றுகூட அவருக்குத் தெரியாது. வேர் இல்லை, மண் இல்லை. எந்த வரிசையில் தொடங்கியது என்ற சேதி இல்லை. அதைப் பார்த்து எந்தப் பட்டதாரியும் சரியான மருந்து சொல்ல முடியாது. எதையாவது விற்று அனுப்பத்தான் முடியும்.

"மண் பரிசோதனை செய்தால் போதாதா?" என்று கேட்பார்கள். வேண்டும்தான். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் 12 அளவுகள் குறிக்கப்படுகின்றன. நாம் பார்ப்பது தழை, மணி, சாம்பல் என்ற மூன்றை மட்டும். அதே அட்டையில் கார அமில நிலையும், உப்பு நிலையும், இரும்பும், துத்தநாகமும் இருக்கின்றன. கார அமில நிலை 8-க்கு மேல் இருந்தால் இரும்பும் துத்தநாகமும் மண்ணில் இருந்தும் பயிருக்கு எட்டாது என்று அந்த ஒரே எண் சொல்லிவிடும். என் வீட்டிலும் அட்டை இருந்தது. பீரோவுக்குள் இருந்தது! அதுவும் மதில் வருவதற்கு முன் எடுத்த மண். நிலம் மாறினால் அட்டையும் மாற வேண்டும்.

"பயிர் செத்துக் கொண்டிருக்கும்போது ஆராய்ச்சி செய்து கொண்டிருக்க முடியுமா?" என்பது இன்னொரு கேள்வி. நியாயமான கேள்வி. நான் சொல்லும் ஆராய்ச்சிக்கு அரை மணி நேரம் போதும். அடியிலையா, கொழுந்தா? நரம்பு என்ன நிறம்? வயல் முழுவதுமா, திட்டாகவா, வரப்போரமா, மதிலோரமா? வேர் எப்படி இருக்கிறது? இந்த நாலு கேள்விகளுக்குப் பதில் தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள். போகும்போது செடியை வேரோடும் மண்ணோடும் எடுத்துப் போங்கள். கூடவே நல்ல செடி ஒன்றும் இருக்கட்டும். வாங்கி வந்த மருந்தை எல்லாச் செடிக்கும் ஒரே நாளில் அடிக்காதீர்கள். நாலைந்து செடிகளில் தெளித்து, பக்கத்து வரிசையைச் சும்மா விட்டு வையுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் மருந்து சரி. தெரியாவிட்டால் மிச்சப் பணம் மடியில் இருக்கும். நான் மூன்று முறை செலவழித்ததில் ஒரு முறையாவது இப்படிச் செய்திருந்தால் பங்குனிப் பூவைப் பறித்திருப்பேன்.

ஒரு வேண்டுகோள்

விவசாயி மட்டும் திருந்தினால் போதாது. வேளாண்மை விரிவாக்க மையங்களில் வாரத்தில் ஒரு நாளை, செடி பார்க்கும் நாள் என்று குறித்து வைக்க வேண்டும். சந்தை நாளாக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, கார அமில நிலை பார்க்கும் காகிதம், பயிர் தெரிந்த ஓர் அலுவலர் — இவை போதும். பார்த்ததைச் சீட்டில் எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தச் சீட்டோடு கடைக்குப் போனால் கடைக்காரருக்கும் பொறுப்பு வரும். மாநகராட்சி எல்லைக்குள் வந்துவிட்ட எங்களைப் போன்ற துண்டு நிலக்காரர்களுக்கும் அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். வீட்டு மனைகளுக்கு நடுவே விவசாயம் செய்கிறவனுக்குக் காறை, கழிவு நீர், உவர் நீர் என்று வரும் தொல்லைகள் கிராமத்து வயலில் இல்லாதவை. அவனுக்குத்தான் ஆலோசனை அதிகம் தேவை.

இதெல்லாம் நடக்கும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையில் தோட்டத்துக்குப் போகும்போது மருந்துத் தெளிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு மண்வெட்டியை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். மஞ்சள் செடி ஒன்றை வேரோடு பெயர்த்து உட்கார்ந்து பாருங்கள். பெரியவர் ஊருக்குத் திரும்பும்போது என்னிடம் சொன்னது ஒன்றுதான்: "மருந்து கடையில இருக்குப்பா. காரணம் உன் நிலத்துல இருக்கு. முதல்ல அதைத் தேடு."